ஜப்பானியக் கேலிச்சித்திரப் பாத்திரங்களும் அவற்றின் வணிகமும்

ஜப்பானில் உருவாகி, படக்கதை, அசைவூட்டத் தொடர், நிகழ்பட ஆட்டம் ஆகியவற்றின் வழியாகவோ வெறும் எழுதுபொருள் அலங்காரமாகவோ உலகெங்கும் பரவிய, பார்த்தவுடன் கொஞ்சத் தோன்றும் உருவங்களே இக்கட்டுரையில் ஜப்பானியக் கேலிச்சித்திரப் பாத்திரங்கள் எனக் குறிக்கப்படுகின்றன. ஹலோ கிட்டி, டோரேமோன், பிக்காச்சு, குமமோன் ஆகியவை இவற்றுள் புகழ் பெற்றவை. இவ்வுருவங்களைத் தாங்கிய பைகள், பொம்மைகள், ஆடைகள், தின்பண்டங்கள் ஆகியவற்றின் விற்பனை பல நாடுகளில் தனியொரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் பள்ளிப் பைகளிலும் தண்ணீர்ப் புட்டிகளிலும் பிறந்தநாள் அணிச்சல்களிலும் இவற்றைக் காணலாம். திருத்தணி போன்ற கோயில் ஊர்களின் படிக்கட்டுக் கடைகளில் வேல், காவடி, குங்குமம் ஆகியவற்றுக்கு அருகிலேயே இவையும் தொங்குகின்றன.

பெயர் ஒற்றுமையால் எழும் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவது நன்று. சுட்டி தொலைக்காட்சியால் தமிழ்க் குழந்தைகளிடையே புகழ் பெற்ற டோராவும் அவளுடைய குரங்கு புஜ்ஜியும் அமெரிக்கப் பாத்திரங்கள்; ஜப்பானின் நீலநிற இயந்திரப் பூனையான டோரேமோனுடன் அவர்களுக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. அண்மையில் பரவிய லபுபு என்னும் பொம்மையும் ஜப்பானுடையது அன்று. அதனை வரைந்தவர் ஹாங்காங்கில் பிறந்த ஓர் ஓவியர். விற்பது சீன நிறுவனம்.

சொல்லும் பொருளும்

இவ்வகை அழகை ஜப்பானியர் 'கவாயி' என்பர். குழந்தை, நாய்க்குட்டி, சிறிய பொருள் ஆகியவற்றைக் கண்டால் தோன்றும் பரிவையும் கொஞ்சும் விருப்பத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல் இது. இதன் பழைய வடிவம் முகம் சிவக்கும் நாணத்தைக் குறித்தது என்றும், பின்னர் இரங்கத்தக்க நிலை, அதன்பின் அன்பு கொள்ளத்தக்க சிறுமை எனப் பொருள் நகர்ந்தது என்றும் மொழியறிஞர் கூறுவர். தமிழில் இதற்கு நேர்ச்சொல் ஒன்றைத் தேடுவது கடினம். 'அழகு' மிகப் பொதுவானது. 'செல்லம்' ஓரளவு நெருங்கி வருகின்றது.

1970களில் ஜப்பானியப் பள்ளி மாணவியரிடையே உருண்டையான எழுத்துகளால் எழுதும் வழக்கம் பரவியது. எழுத்துகளுக்கிடையே இதயக் குறிகளையும் சிறு முகங்களையும் அவர்கள் வரைந்தனர். சில பள்ளிகள் இதனைத் தடை செய்தன. எழுதுபொருள் நிறுவனங்களோ இதில் ஒரு சந்தையைக் கண்டன. பெரியவர்கள் திட்டமிட்டு உருவாக்கிய ஒன்றாக அல்லாமல், சிறுமியரின் குறிப்பேடுகளில் தானாகத் தோன்றிய சுவையாக இது தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது.

வடிவத்தின் எளிமை

பெரிய தலை, அகன்ற நெற்றி, முகத்தில் தாழ அமைந்த பெரிய கண்கள், குறுகிய கை கால்கள் ஆகிய கூறுகள் மனிதரிடத்தில் பேணும் உணர்வைத் தூண்டுகின்றன என்னும் கருத்தை ஆஸ்திரிய விலங்கு நடத்தையியலாளர் கொன்ராட் லோரன்சு 1943-இல் முன்வைத்தார். இதனைக் 'குழந்தை உருவமைப்பு' எனலாம். ஹிரோசிமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோசி நிட்டோனோவும் உடன் ஆய்வாளரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நாய்க்குட்டி, பூனைக்குட்டி ஆகியவற்றின் படங்களைப் பார்த்தபின் மாணவர்கள் கவனம் வேண்டும் பணிகளைக் கூடுதல் திறனுடன் செய்தனர் எனக் காட்டினர்.

ஆனால் குழந்தை உருவமைப்பு உலகப் பொதுவானது. வால்ட் டிஸ்னியின் மிக்கி எலியும் காலப்போக்கில் பெரிய தலையும் பெரிய கண்களும் பெற்றது. ஜப்பானிய உருவங்களைத் தனித்துக் காட்டுவது அவற்றின் கோடுகள் மிகக் குறைவாக இருப்பதே. ஹலோ கிட்டியின் முகத்தில் உள்ளவை இரு புள்ளிக் கண்கள், ஒரு மஞ்சள் மூக்கு, ஆறு மீசைக் கோடுகள், ஒரு நாடா முடிச்சு. வாய் கிடையாது. வாய் இல்லாமையால் பார்ப்பவர் தம் மனநிலையை அம்முகத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்பது அதனை உருவாக்கிய நிறுவனம் தரும் விளக்கம்.

இவ்வெளிமைக்கு உளவியல் பயனைவிடப் பொறியியல் பயனே பெரிது என்று கூறத் தோன்றுகின்றது. சில கோடுகளும் இரண்டு மூன்று தட்டையான நிறங்களும் கொண்ட உருவத்தை அழிப்பானிலும் அச்சிடலாம். விமானத்தின் பக்கத்திலும் வரையலாம். தைவானின் ஈவா விமான நிறுவனம் 2005-இல் ஹலோ கிட்டி விமானத்தை இயக்கத் தொடங்கியது. நிறம் சற்று விலகினாலும் கோடு சற்றுக் கோணினாலும் உருவம் அடையாளம் இழப்பதில்லை. இதே இயல்பு அவற்றை எவரும் எளிதாகப் போலி செய்யவும் வழி செய்கின்றது. இப்பாத்திரங்களின் உலகப் புகழையும் உரிமையாளர்களின் நீங்காத தலைவலியையும் தந்தது ஒரே பண்புதான்.

வணிகத்தின் தோற்றம்

ஒசாமு தெசுக்காவின் 'அணு வீரன்' என்னும் தொடர், மேற்குலகில் 'ஆஸ்ட்ரோ பாய்' எனப்படுவது, 1963 சனவரி 1 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரந்தோறும் அரைமணி நேர அசைவூட்டப் படத்தைத் தருவதற்கு மிகுந்த செலவாகும். தெசுக்கா தம் தொடரைத் தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்கே தொலைக்காட்சிக்கு விற்றார். இழப்பை ஈடுசெய்ய இரண்டு வழிகளைக் கையாண்டார். ஒன்று, ஒரு நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. உடல் அசையாமல் நிற்க, வாய் மட்டும் இரண்டு மூன்று வடிவங்களில் மாறி மாறித் திறந்து மூடும். மற்றொன்று, பாத்திரத்தின் உருவத்தைப் பிற பொருள்களில் பயன்படுத்தும் உரிமையை விற்பது. தொடருக்கு விளம்பர ஆதரவு தந்த மெய்சி என்னும் இனிப்பு நிறுவனம் தன் சாக்லேட்டுடன் அணு வீரனின் ஒட்டுப்படங்களை வழங்கியது. படம் இழப்பில் ஓடலாம், ஒட்டுப்படம் அதனைக் காப்பாற்றும் என்னும் கணக்கு அன்று தொடங்கிற்று. பின்வந்த ஜப்பானியத் தொடர்கள் பலவற்றின் அடிப்படை இதுவே.

சான்ரியோ நிறுவனம் மற்றொரு வழியில் இதே இடத்தை அடைந்தது. சிந்தாரோ சுச்சி 1960-இல் தொடங்கிய இந்நிறுவனம் முதலில் பட்டு வணிகம் செய்தது. பின்னர் இரப்பர்ச் செருப்புகளை விற்றது. செருப்பின்மேல் பூ ஒன்றை வரைந்தால் விற்பனை கூடுவதைச் சுச்சி கண்டார். செருப்பின் பயன் மாறவில்லை, விலைக்கும் விற்பனைக்கும் காரணம் அந்தப் பூவே. இதன்பின் வரைபவர்களை வேலைக்கு அமர்த்திப் புதிய உருவங்களை உருவாக்கச் செய்தார். 1974-இல் யூக்கோ சிமிசு வரைந்த வெள்ளைப் பூனைக்குட்டி 1975-இல் சிறிய சில்லறைப் பணப்பையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதுவே ஹலோ கிட்டி. இதற்கு மூலமாகப் படக்கதையோ தொடரோ இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. முதலில் பண்டம், கதை பிறகு. இலண்டனின் புறநகரில் பிறந்தவள், ஐந்து ஆப்பிள் உயரம், மூன்று ஆப்பிள் எடை ஆகிய விவரங்கள் பின்னரே சேர்ந்தன. 1980 முதல் யூக்கோ யமகுச்சி இதன் வடிவமைப்பாளராக இருந்து, குழந்தைப் பருவத்தில் கிட்டியை விரும்பியவர்கள் வளர்ந்தபின்னும் வாங்கத்தக்க பொருள்களை உருவாக்கினார். 2014-இல் கிட்டி பூனையன்று, ஒரு சிறுமி என்று நிறுவனம் தெரிவித்தபோது பல நாடுகளில் அது செய்தியாயிற்று.

இவ்வணிகத்தின் நடைமுறை 'உரிமம்' எனப்படும். பாத்திரத்தின் உரிமையாளர் பெரும்பாலும் தாமே பொருளைச் செய்வதில்லை. பை செய்பவர், பற்பசை செய்பவர், வங்கி என யாரும் ஒப்பந்தம் செய்துகொண்டு உருவத்தைப் பயன்படுத்தலாம். விற்பனையில் ஒரு விழுக்காடு உரிமையாளருக்குச் சேரும். எந்த நிறம், எந்தத் தோற்றம், எவ்வகைப் பொருள் ஆகியவற்றை ஒப்பந்தம் வரையறுக்கும். ஆலை இல்லை, கிடங்கு இல்லை. விற்பது வரைபடத்தைப் பயன்படுத்தும் இசைவை மட்டுமே. மென்பொருள் உரிமத்தை அறிந்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு.

அந்த ஒப்புமையைத் தொடர்ந்தால் கட்டற்ற மென்பொருளுக்கு நிகரான ஒன்றும் இத்துறையில் உண்டு. கியூசூ அதிவிரைவுத் தொடருந்துத் தடம் 2011-இல் முழுமையாகத் திறக்கப்படவிருந்த நிலையில், குமமோட்டோ மாவட்ட அரசு 2010-இல் குமமோன் என்னும் கருங்கரடியை அறிமுகப்படுத்தியது. மாவட்டத்தையோ அதன் விளைபொருளையோ பரப்புவதாக இருந்தால், இசைவு பெற்று எவரும் கட்டணமின்றி அதன் உருவத்தைப் பயன்படுத்தலாம் என அவ்வரசு அறிவித்தது. சிறிய ஊறுகாய்க் கடைக்கும் பெரிய நிறுவனத்துக்கும் ஒரே விதி. குறுகிய காலத்தில் குமமோன் நாடறிந்த உருவமாயிற்று. வெளிநாட்டு நிறுவனங்களிடம் கட்டணம் பெறும் முறை பின்னரே வந்தது. ஊரின் பெயரை உலகுக்குக் கொண்டுசெல்ல விரும்பும் நம்மூர் நகராட்சிகள் எண்ணிப் பார்க்கத்தக்க முயற்சி இது.

டோரேமோனும் போக்கிமானும்

டோரேமோன் படக்கதை 1969 திசம்பரில் சிறுவர் இதழ்களில் தொடங்கியது. வரைந்தவர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்னும் புனைபெயர் கொண்ட ஹிரோசி ஃபுஜிமோட்டோ. 22-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த இயந்திரப் பூனை, படிப்பிலும் விளையாட்டிலும் பின்தங்கிய நோபிட்டா என்னும் சிறுவனுக்குத் தன் வயிற்றுப் பையிலிருந்து விந்தைக் கருவிகளை எடுத்துத் தரும். கருவியை நோபிட்டா அளவு மீறிப் பயன்படுத்துவான், இறுதியில் அல்லற்படுவான். தோற்றுக்கொண்டே இருக்கும் சிறுவனைத் தலைவனாகக் கொண்ட கதை என்பதாலேயே இது தேர்வு நெருக்கடி மிகுந்த ஆசிய நாடுகளில் ஆழ வேரூன்றியது எனக் கொள்ள இடமுண்டு. 2008-இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் டோரேமோனைத் தன் அசைவூட்டத் தூதராக அறிவித்தது.

போக்கிமான் 1996 பிப்ரவரி 27 அன்று நிண்டெண்டோவின் கேம் பாய் கருவிக்கான ஆட்டமாக வெளிவந்தது. சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்த பழக்கமே இதற்குத் தூண்டுகோல் என அதனை உருவாக்கிய சதோசி தஜிரி கூறியுள்ளார். தொடர் 1997-இல் வந்தது. அவ்வாண்டு திசம்பர் 16 அன்று ஒளிபரப்பான பகுதியில் சிவப்பும் நீலமும் மிக விரைவாக மாறி மின்னிய காட்சியால் ஏறத்தாழ 700 குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சில மாதங்கள் நின்ற தொடர் மீண்டும் வந்தது. உலகில் பண்ட விற்பனையால் மிகுந்த வருவாய் ஈட்டிய படைப்புகளுள் போக்கிமான் முன்னணியில் வைத்துக் கணிக்கப்படுகின்றது.

மணமற்ற பண்டம்

சமூகவியலாளர் கோய்ச்சி இவாபுச்சி, ஜப்பான் ஏற்றுமதி செய்த அசைவூட்டங்களையும் ஆட்டங்களையும் 'பண்பாட்டு மணம் நீக்கப்பட்டவை' என வருணித்தார். பாத்திரங்களின் முகத்திலோ பெயரிலோ பிறந்த நாட்டின் வாடை வீசாதபடி அமைப்பதால் எந்த நாட்டிலும் அவை அயலாகத் தோன்றுவதில்லை என்பது அவர் கருத்து. ஹலோ கிட்டிக்கு இது முழுதும் பொருந்தும். டோரேமோனுக்குப் பாதியே பொருந்தும். பாய் விரித்த அறை, நகர்த்துக் கதவு, தலைவாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைதல் ஆகியவை அதில் நிறைந்துள்ளன. 2014-இல் அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது நோபிட்டா 'நோபி' ஆனான். உணவுக் குச்சிகள் முட்கரண்டிகளாக மாற்றி வரையப்பட்டன. யென் டாலர் ஆயிற்று. இந்தியாவில் இவற்றில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றும் வழக்கம் நமக்கும் உண்டு.

வெளிநாடுகளில் இப்பாத்திரங்கள் பெற்ற வரவேற்பு எப்போதும் இனிமையாக இருந்ததில்லை. சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டில் ஒரு துரித உணவு நிறுவனம் மணக்கோலத்தில் உள்ள ஹலோ கிட்டி பொம்மைகளை உணவுடன் விற்றபோது மக்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றனர். கைகலப்புகள் நேர்ந்தன, ஓரிடத்தில் கண்ணாடிக் கதவு உடைந்து சிலர் காயமுற்றனர். வியட்நாமில் 1992 முதல் டோரேமோன் நூல்கள் உரிமம் பெறாமலேயே அச்சிடப்பட்டுப் பெருமளவில் விற்றன. பின்னர் உரிமைத்தொகை பேசப்பட்டபோது, ஆசிரியர் அத்தொகையை வியட்நாமியக் குழந்தைகளின் கல்வி உதவிக்கே விட்டுக்கொடுத்தார். 1996-இல் டோரேமோன் பெயரில் உதவித்தொகை நிதி அமைந்தது. அவர் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

வங்காளதேசத்தில் சிக்கல் வேறு வகையினது. இந்தியத் தொலைக்காட்சியின் இந்தி டோரேமோனைப் பார்த்த குழந்தைகள் வீட்டில் இந்தி பேசத் தொடங்கினர் என்று பெற்றோர் முறையிட்டனர். வங்காள மொழிக்காக உயிர் நீத்தோரின் நாளைப் பிப்ரவரி 21-இல் நினைவுகூரும் நாடு அது. 2013 பிப்ரவரியில் அரசு இந்தி வடிவ டோரேமோனைத் தடை செய்தது. மறு ஆண்டு வங்காள மொழியில் ஒலி சேர்க்கப்பட்ட வடிவம் அங்கு ஒளிபரப்பாயிற்று. ஜப்பானியப் பூனையின்மீது எவருக்கும் குறையில்லை. அது எம்மொழியில் பேசுகின்றது என்பதே கேள்வியாயிற்று.

இந்தியாவில்

இந்தியக் குழந்தைகள் அறிந்த முதல் ஜப்பானிய அசைவூட்டங்களுள் ஒன்று, 1993-இல் தூர்தர்சன் இந்தியில் ஒளிபரப்பிய 'ஜங்கிள் புக்' தொடராகும். இந்தியக் காட்டை ஆங்கில எழுத்தாளர் கதையாக்க, அதை ஜப்பானியர் வரைந்து, இந்திக்கு மாற்றித் தந்தனர். அது ஜப்பானியப் படைப்பு என்பதைப் பார்த்தவர்களுள் பலர் வளர்ந்தபின்னரே அறிந்தனர். போக்கிமான் 2003-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது. 2004-இல் தொடங்கப்பட்ட ஹங்காமா தொலைக்காட்சி 2005-இல் டோரேமோனையும் 2006-இல் சின்சானையும் கொண்டுவந்தது. பெரியோரை எதிர்த்துப் பேசும் சின்சானைப் பற்றிப் பெற்றோரிடமிருந்து எழுந்த முறையீடுகளை அடுத்து 2008-இல் மத்திய அரசு அத்தொடரை நிறுத்தியது. காட்சிகள் வெட்டப்பட்ட வடிவம் 2009-இல் திரும்ப வந்தது. ஜப்பானில் சின்சான் முதலில் பெரியவர்களுக்கான இதழில் வெளியான படக்கதை என்பது இங்குப் பலரும் அறியாத செய்தி.

போக்கிமான் கோ ஆட்டம் 2016-இல் பரவியபோது, வழிபாட்டிடங்களில் ஆட்டத்தின் முட்டைகள் கிடைக்கும்படி அமைந்திருப்பது இந்துக்கள், சமணர்கள் ஆகியோரின் மனத்தைப் புண்படுத்துகின்றது எனக் குசராத்து உயர்நீதிமன்றத்தில் பொதுநல மனு ஒன்று தாக்கல் செய்யப்பட்டது. ஆட்டத்தை அமைத்தவர்கள் பொது இடங்களின் வரைபடத் தரவை இட்டபோது கோயில்களும் அதில் அடங்கின. திரையில் மட்டும் தோன்றும் முட்டை சைவமா அசைவமா என்பது சட்டப் புத்தகங்களில் விடை இல்லாத வினா.

ஒரே படம், இரண்டு மொழி

தமிழில் இப்பாத்திரங்கள் வேரூன்றியதற்குக் காரணம் ஒரு தொழில்நுட்ப ஏற்பாடு. இந்தியாவின் சிறுவர் அலைவரிசைகள் பலவும் மொழிக்கு ஓர் அலைவரிசை நடத்துவதில்லை. செயற்கைக்கோள் வழியே ஒரே ஒளிக்காட்சியை அனுப்பி, அதனுடன் இந்தி, தமிழ், தெலுங்கு முதலிய ஒலித்தடங்களை இணைத்து அனுப்புகின்றன. இலக்கமுறைத் தரவோட்டத்தில் ஒவ்வொரு பொதியும் தான் எத்தடத்தைச் சேர்ந்தது என்னும் எண்ணைத் தாங்கி வரும். ஏற்பி வேண்டிய எண்ணுடைய ஒலிப்பொதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். ஒலித்தடம் ஒன்றுக்கு வேண்டிய தரவு வீதம் ஒளிக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே புதிய மொழி ஒன்றைச் சேர்க்க ஆகும் அனுப்புச் செலவு மிகச் சிறிது; குரல் கலைஞர்களுக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆகும் செலவே மிச்சம்.

அணு வீரனின் காலத்தில் செலவைக் குறைக்கக் கண்டுபிடித்த இரண்டு மூன்று வாய் வடிவங்கள் இங்கு மறுபடி உதவுகின்றன. உண்மை மனிதர் நடித்த படத்தில் உதட்டசைவும் தமிழ்ச் சொல்லும் பொருந்தாவிடில் கண் உறுத்தும். நோபிட்டாவின் வாய் திறந்து மூடுவதோடு சரி. அது ஜப்பானிய மொழிக்கும் பொருந்தும், தமிழுக்கும் பொருந்தும். அதனால்தான் தமிழில் சின்சான் பேசும் குறும்புப் பேச்சு மொழிமாற்றம் போலவே தோன்றாமல் பக்கத்து வீட்டுப் பையனின் பேச்சாகக் கேட்கின்றது.

இந்த ஏற்பாட்டின் விளைவை எல்லைப்புற ஊர்களில் தெளிவாகக் காணலாம். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் அதன்பின் பட்டாஸ்கர் அளித்த தீர்ப்பும் இதற்குக் காரணமாயின. மொழியை அளவுகோலாகக் கொண்டு ஊர் ஊராக எல்லை வகுக்கப்பட்ட பகுதி இது. ஆயினும் வீடுகளுக்குள் அக்கோடு செல்லவில்லை. தெலுங்கு பேசும் குடும்பங்கள் இப்பக்கமும் தமிழ் பேசும் குடும்பங்கள் நகரி, புத்தூர்ப் பக்கமும் இன்றும் வாழ்கின்றன.

பழைய ஒப்புமைமுறைக் கம்பி வடத்தில் ஓர் அலைவரிசைக்கு ஓர் ஒலிதான் செல்லும். எம்மொழி என்பதை வீட்டார் முடிவு செய்ய இயலாது. கம்பி வட நடத்துநர் தம் அறையில் உள்ள ஏற்பியில் எந்தத் தடத்தைத் தெரிந்தாரோ அதுவே ஊருக்கு. எல்லைக்கு இப்பால் தமிழ்த்தடமும் அப்பால் தெலுங்குத் தடமும் விடப்படுவது வழக்கம். மாநில எல்லை டோரேமோனின் வாய்க்குள்ளும் சென்றது எனலாம். வீட்டு வானலை வாங்கியும் பின்னர் இலக்கமுறைப் பெட்டியும் வந்தபின் நிலை மாறியது. கம்பி வடம் முழுதும் இலக்கமுறைக்கு மாறும் பணி நாட்டில் 2012 முதல் 2017 வரை கட்டம் கட்டமாக நடந்தது. தொலை இயக்கியில் உள்ள மொழிப் பொத்தானை அழுத்தினால் அதே காட்சி தமிழிலிருந்து தெலுங்குக்கு மாறும். பாட்டியிடம் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் குழந்தை, எம்மொழியில் சிரிக்க வேண்டும் என்பதைத் தானே தெரிந்துகொள்ளும் நிலை ஏற்பட்டது. வங்காளதேசத்துப் பெற்றோர் அஞ்சியது இங்கு நேராமல் போனதற்குத் தமிழ்த்தடம் ஒன்று இருந்ததே காரணம். அத்தடம் இல்லாத தொடர்களில் குழந்தைகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் பார்க்க வேண்டியுள்ளது. 2024-இல் ஹங்காமாவில் தொடங்கிய புதிய போக்கிமான் தொடர் தமிழிலும் தெலுங்கிலும் சேர்ந்தே வந்தது.

கடைவீதியில்

குரல் முறையாக வந்தாலும் உருவம் முறையாக வருவதில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருவோரும், திசம்பர் 31 படித்திருவிழாவுக்கு வந்து 365 படிகள் ஏறுவோரும் இறங்கும்போது குழந்தைகளுக்கு ஏதேனும் வாங்கிச் செல்வர். படியோரக் கடைகளில் உள்ள பலூன், சாவிக்கொத்து, மின்விளக்குப் பொம்மை, முகமூடி ஆகியவற்றில் பிக்காச்சுவும் டோரேமோனும் இருப்பர். உரிமம் பெற்ற பொருளில் உரிமையாளரின் பெயரும் ஆண்டும் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். இவற்றுள் பெரும்பாலானவற்றில் அது இராது. காது நீண்ட மஞ்சள் உருவத்துக்கு நீல வயிறு இருக்கலாம். குழந்தைக்கு அது பிக்காச்சுதான்.

சட்டப்படி இது பதிப்புரிமை மீறல். 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. 1996-இல் மறைந்த ஃபுஜிமோட்டோவின் படைப்புகளுக்கு அது 2056 வரை நீடிக்கும். பெயரும் உருவமும் வணிகச்சின்னமாகப் பதிவாகியிருந்தால் அச்சட்டமும் பொருந்தும். நடைமுறையில் உரிமையாளர்கள் பெரிய இறக்குமதியாளர்மீதும் இணையக் கடைகள்மீதும் வழக்குத் தொடுப்பரேயன்றிக் கூடை வியாபாரியைத் தேடி வருவதில்லை. முறையான பொம்மையின் விலை மலையடிவாரக் கடையில் விற்பதைப்போல் பலமடங்கு. எனவே அக்கடையில் விற்கும் ஒவ்வொரு போலியும் உரிமையாளருக்கு ஒரு விற்பனை இழப்பு என்று கணக்கிடுவது சரியன்று. அவ்விலையில் வாங்கும் குடும்பம் முறையான பொம்மையை வாங்கியிராது.

உண்மையான இடர் குழந்தையின் உடல்நலத்தைச் சார்ந்தது. செய்தவர் யார் என்று தெரியாத நெகிழிப் பொம்மையின் வண்ணத்தில் ஈயமும், அதனை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளும் இருக்கக்கூடும். சிறு குழந்தை எதையும் வாயில் வைக்கும். இந்திய அரசு பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை 2020-இல் பிறப்பித்தது. 2021 சனவரி 1 முதல் இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரை இன்றிப் பொம்மை விற்பது குற்றமாகும். பொம்மைகள்மீதான இறக்குமதி வரியும் 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும் 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. இவற்றால் இறக்குமதி குறைந்தது. ஆயினும் முத்திரை என்பது பொம்மை பாதுகாப்பானது என்பதற்கே சான்று. அதன்மேலுள்ள உருவம் முறையாகப் பெறப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. வாங்குவோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதுண்டு.

முன்னரே நடந்த பயணம்

கோயில் வாயிலில் சிறு உருவங்களை விற்பது ஜப்பானுக்கும் புதிதன்று. அங்குள்ள ஆலயங்கள் சிலவற்றில் ஹலோ கிட்டி உருவம் பொறித்த காப்புப் பைகள் கிடைக்கின்றன. அவற்றுக்கு மிக முந்தைய கொஞ்சத்தக்க உருவம் 'தருமா' பொம்மை. கைகால் இல்லாத உருண்டை உடல், சிவப்பு நிறம், வெற்றுக் கண்கள் ஆகியவற்றைக் கொண்டது. வேண்டுதலின்போது ஒரு கண்ணையும் நிறைவேறியபின் மறு கண்ணையும் வாங்கியவரே வரைவர். தகசாகி நகரின் தருமா கோயிலைச் சார்ந்து இதைச் செய்யும் தொழில் வளர்ந்தது. இப்பொம்மை குறிப்பது போதிதருமரை. அவர் தென்னிந்தியாவிலிருந்து, மரபுக் கதைகளின்படி பல்லவ அரச குடும்பத்திலிருந்து, சீனம் சென்றவர். முனிவரின் கடுந்தவ முகம் சில நூற்றாண்டுகளில் சில கோடுகளாகச் சுருங்கி, சந்தையில் விற்கும் உருண்டைப் பொம்மையாயிற்று. ஹலோ கிட்டி வடிவத் தருமாக்களும் இப்போது விற்பனையில் உள்ளன. திருத்தணி முருகனும் அந்நாட்டில் அறியப்படாதவர் அல்லர். கந்தன் பௌத்தத்தின் வழியாகச் சீனம் கடந்து ஜப்பானில் 'இடாதென்' ஆனார். விரைந்து ஓடுபவர்களை அங்கு அவர் பெயரால் குறிப்பதுண்டு.

தருமாவைத் தள்ளினால் மீண்டும் எழுந்து நிற்கும். தஞ்சாவூர்ச் சாய்ந்தாடும் பொம்மையும் அவ்வாறே, அடியில் எடை வைத்துச் செய்யப்படுவது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது வேறு ஆய்வுக்குரியது; இயற்பியல் ஒன்றே. தஞ்சாவூர்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. அக்குறியீடு தனி ஒருவருக்கு உரிமை தருவதில்லை. அவ்வட்டாரத்தில் அம்முறையில் செய்யும் எவரும் அப்பெயரைப் பயன்படுத்தலாம், வெளியார் பயன்படுத்தலாகாது. புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் பதிவு பெற்ற கைவினைஞர் செய்யும் பொம்மைகளுக்கும் மேற்கூறிய தரக் கட்டுப்பாட்டு ஆணையிலிருந்து 2020-இலேயே விலக்கு அளிக்கப்பட்டது.

திருத்தணிக்கு அருகிலுள்ள திருப்பதிப் பகுதியின் செம்மரத்தில் செதுக்கும் மரப்பாச்சிப் பொம்மைகளுக்குப் பெயரும் இல்லை, கதையும் இல்லை, உரிமையாளரும் இல்லை. ஆணும் பெண்ணுமாக இணையாக விற்கப்படும் அவற்றுக்கு வாங்கியவர் வீட்டில் ஆடை தைத்து உடுத்துவர். நவராத்திரிக் கொலுவில் முதலிடம் தருவர். இப்போது கொலுவின் கீழ்ப்பகுதியில் குழந்தைகள் அமைக்கும் பூங்காவில், பஞ்சுப் புல்வெளிக்கும் கண்ணாடிக் குளத்துக்கும் இடையே, படியோரக் கடையில் வாங்கிய டோரேமோனும் நிற்பதைச் சில வீடுகளில் காணலாம்.